உப்புக்காற்றில் தொங்கும் பிளைண்ட்ஸ்: வடசென்னை வீட்டில் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. கிழக்கு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க்தான் தெரியும். ஆனாலும் காற்று கடலில் இருந்துதான் வருகிறது என்பதை என் முதல் பிளைண்ட்ஸ் (ஏற்றி இறக்கும் ஜன்னல் மறைப்பு) சொல்லிக் கொடுத்தது. ஒரு ஐப்பசியில் மாட்டியது, அடுத்த ஐப்பசி வருவதற்குள் ஒரு மத்தியானம் தொப்பென்று விழுந்தது. துணி புதுசு மாதிரியே இருந்தது. சங்கிலி நன்றாக ஓடியது. பிராக்கெட்டைப் பிடித்திருந்த நாலு ஸ்க்ரூவும் துருவேறி, தலை தனி உடம்பு தனியாகக் கிடந்தன. மாட்டிக் கொடுத்தவர் போட்டது சாதா இரும்பு ஸ்க்ரூ. அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான்தான் மாட்டுகிறேன், கழற்றுகிறேன், கோர்க்கிறேன். அக்கம்பக்கத்திலும் கூப்பிடுகிறார்கள். இத்தனை வருஷத்தில் கண்டது இதுதான்: இந்தப் பக்கம் பிளைண்ட்ஸ் உழைத்துத் தேய்வதில்லை. உப்பிலும் கரியிலும்தான் வீணாகிறது. குப்பைக்குப் போகிற பிளைண்ட்ஸில் பாதிக்கு மேல், ஒரு கயிறோ ஒரு கிளட்சோ (சங்கிலி ஓடும் பிளாஸ்டிக் துண்டு) மாற்றினால் இன்னும் சில வருஷம் ஓடக்கூடியவை. முதல் தடவை கை வைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழகியிருந்தால் போதும்.

எந்த ஜன்னலுக்கு எது

கடைக்குப் போனால் நாலைந்து வகை காட்டுவார்கள். துணி குழாயில் சுற்றிக்கொள்வது ரோலர். குறுக்காக அலுமினியப் பட்டையோ மரப்பட்டையோ அடுக்கியிருப்பது வெனீஷியன். பட்டைகள் செங்குத்தாகத் தொங்குவது வெர்டிகல், ஆபீஸ்களில் பார்த்திருப்பீர்கள். மெல்லிய துணியும் கெட்டித் துணியும் வரி வரியாக மாறி வருவது ஜீப்ரா. பால்கனிக்கு மூங்கில் தட்டி. ராயபுரத்துப் பழைய வீடுகளில் சாய்த்த மரப்பட்டைகள் வைத்த ஜன்னல் கதவுகளை இன்னும் பார்க்கலாம். வெளிச்சத்தை வெட்டி, காற்றை மட்டும் உள்ளே விடும். வெனீஷியனின் தாத்தா என்று அதைச் சொல்லலாம். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் பிளைண்ட்ஸுக்குச் செலவு செய்யாமல் அதற்குப் பெயிண்ட் அடியுங்கள்.

கிழக்கு ஜன்னலுக்கு ரோலர் நல்லது. உப்புப் படிகிற உலோகம் அதில் குறைவு, துடைப்பதும் சுலபம். அலுமினிய வெனீஷியன் வாங்குவதானால் ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பட்டை அலுமினியமாகத்தான் இருக்கும். ஆனால் மேலே எல்லாவற்றையும் தாங்குகிற சேனல் பெரும்பாலும் பெயிண்ட் அடித்த இரும்புத் தகடு. காந்தம் வெடுக்கென்று ஒட்டினால் அது கடல் பக்கத்து ஜன்னலுக்கு ஆகாது, உள் அறைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

மேற்கு ஜன்னலின் தொல்லை வேறு. கத்திரி வெயில் நாட்களில் மத்தியானம் 3 மணிக்கு மேல் சுவரே கொதிக்கும். எவ்வளவு கெட்டித் துணி போட்டாலும், கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூடு அறைக்குள்தான் நிற்கும். வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே மறிக்கிற தட்டிக்குப் பலன் அதிகம். சன்ஷேடுக்குக் கீழே மூங்கில் தட்டி தொங்கவிட இடம் இருந்தால் அதைச் செய்துவிட்டு, உள்ளே ஒரு மெல்லிய ரோலர் போடுங்கள். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் குளுகுளுவென்று இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாசனை உண்மை. ஆனால் தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி கிடைக்கும், கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் இங்கே அது அவ்வளவாக எடுபடுவதில்லை.

சமையலறைக்குத் துணி வேண்டாம். மீன் வறுக்கிற வீட்டில் துணி ரோலர் மூன்றே மாதத்தில் பிசுக்கேறிவிடும். அங்கே அலுமினியம் அல்லது பிவிசி.

அளவு எடுப்பது

பிளைண்ட்ஸ் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். சின்ன ஜன்னலானாலும் குறைந்தபட்சம் இத்தனை சதுர அடிக்குக் காசு என்று சில கடைகளில் உண்டு, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டும் விதம் இரண்டு. ஜன்னல் நிலைக்குள்ளேயே அடங்கும்படி மாட்டலாம், அல்லது சுவரின் மேல் நிலையை மூடும்படி மாட்டலாம். நம் பக்கத்து ஜன்னல்களில் கதவு வெளியே திறக்கும், கிரில் உள்பக்கம் ஒட்டி இருக்கும். கிரில்லின் பூவேலை சுவரைத் தாண்டி உள்ளே புடைத்திருந்தால் நிலைக்குள் மாட்ட முடியாது, துணி உரசிக் கிழியும். வெல்க்ரோ கொசுவலை ஒட்டியிருந்தாலும் இதையே யோசியுங்கள். பக்கிங்காம் கால்வாய்க்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு பிளைண்ட்ஸுக்காகக் கொசுவலையைப் பிய்த்தவர்கள் ஒரே ராத்திரியில் வருந்தியிருக்கிறார்கள். வலை இருக்கட்டும், பிளைண்ட்ஸைச் சுவர் மேல் மாட்டுங்கள்.

நிலைக்குள் மாட்டுவதானால் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் குறைவானதை எழுதுங்கள். பழைய வீட்டு ஜன்னல் எதுவும் நேராக இருக்காது. எங்கள் கூடத்து ஜன்னல் மேலுக்கும் கீழுக்கும் முக்கால் இஞ்ச் வித்தியாசம். உயரத்தையும் மூன்று இடத்தில் அளந்து, அதில் பெரியதை எடுங்கள். எழுதிய அளவைக் கடையில் கொடுக்கும்போது, "இது ஜன்னல் திறப்பின் அளவு, பிளைண்ட்ஸுக்கு நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்களும் கழித்து அவர்களும் கழித்தால் ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெளிச்சம் வரும். ரோலரில் எப்படியும் துணி, பிராக்கெட்டின் முழு அகலத்தைவிட 3 செ.மீ. போலக் குறைவாகவே இருக்கும், அது கடைக்காரர் தப்பில்லை.

சுவர் மேல் மாட்டுவதானால் இரண்டு பக்கமும் 3 முதல் 4 இஞ்ச், கீழேயும் 4 இஞ்ச் கூடுதலாக வையுங்கள். அளப்பதற்கு இரும்பு டேப்பே வேண்டும். தையல் டேப் இழுத்தால் நீளும்.

சுவர் எப்படிப்பட்டது

புதியவர்கள் திணறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜார்ஜ் டவுன், ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகள் பல செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியவை. டிரில் வைத்தால் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். சந்தோஷப்படாதீர்கள். இறங்கியது இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்து. அதில் ராவல் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் துண்டு) போட்டு ஸ்க்ரூ முறுக்கினால் பிளக்கும் சேர்ந்து சுற்றும், மாவாகக் கொட்டும். அப்படிச் சுவர் வாய்த்தால் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே போகாதீர்கள். வால்டாக்ஸ் சாலை மரக்கடையில் ஜன்னலைவிட ஒரு அடி நீளமாக ஒரு ரீப்பர் கட்டை வாங்குங்கள். (ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பிய செலவுக்கு வரி போட நினைத்ததால் அந்தச் சாலைக்கு வந்த பெயர் அது, வால் டாக்ஸ் என்றால் சுவர் வரி. சுவரில் ஓட்டை போடுகிறவன் அங்கே போய் மரம் வாங்குவது பொருத்தம்தான்.) ரீப்பரை நாலைந்து இடத்தில் கல்லாகப் பார்த்துச் சுவரில் முடுக்கி, அதற்குச் சுவர் நிறமே அடித்து, பிராக்கெட்டை ரீப்பரில் மாட்டுங்கள். பாரம் நாலைந்து ஸ்க்ரூவுக்குப் பிரிந்துபோகும். எங்கள் பாட்டி வீட்டில் அப்படி மாட்டிய கட்டை இன்னும் அசையவில்லை.

ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலும் புது அபார்ட்மெண்டுகளிலும் ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது கான்கிரீட் லிண்டல். அங்கே சாதா டிரில் கத்தும், இறங்காது. சுத்தியல் போல அடித்துக்கொண்டே சுற்றும் ஹேமர் டிரில் வேண்டும். வாடகைக்கு எடுக்கலாம், எலெக்ட்ரீஷியனிடம் கேட்டால் அரை மணி நேரத்துக்குக் கொடுப்பார். லிண்டலுக்குள் கம்பி ஓடுகிறது. திடீரென்று டிரில் இறங்காமல் நின்று பொறி பறந்தால் கம்பியில் பட்டுவிட்டது என்று அர்த்தம். அழுத்தாமல் ஒரு இஞ்ச் தள்ளி வேறு ஓட்டை போடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஜன்னல் பக்கத்தில் சுவிட்ச் போர்டு இருந்தால் அதன் நேர் மேலேயும் நேர் கீழேயும் சுவருக்குள் ஒயர் போகும். அந்தக் கோட்டில் டிரில் வைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, வேறு போர்ஷனில் இருந்து ஒயர் இழுத்து டிரில் போடுங்கள்.

மாட்டுவது

தேவையான சாமான்: 6 எம்.எம். டிரில் பிட், அதற்கேற்ற ராவல் பிளக், ஒன்றரை இஞ்ச் ஸ்க்ரூ, பென்சில், இரும்பு டேப், ரசமட்டம், உறுதியான ஸ்டூல். ஸ்க்ரூ கண்டிப்பாக எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 என்று கேட்டு வாங்குங்கள். பிளைண்ட்ஸ் டப்பாவுக்குள் இலவசமாக வரும் ஸ்க்ரூவைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், பள்ளிக்கூட புராஜெக்டுக்கு ஆகும். செம்புதாஸ் தெருப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் இதெல்லாம் எண்ணிக்கைக்கே கிடைக்கும். நல்ல எஸ்.எஸ். ஸ்க்ரூவிலும் காந்தம் லேசாக ஒட்டலாம், அதைப் பார்த்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

முதலில் ஒரு பிராக்கெட்டின் இடத்தை மட்டும் குறியுங்கள். அங்கிருந்து ரசமட்டம் வைத்து நீளமாக ஒரு கோடு. ரசமட்டம் இல்லையென்றால் கொத்தனார்கள் பிடிக்கிற மாதிரி இருபக்கமும் வாய் திறந்த தெளிவான டியூபில் தண்ணீர் ஊற்றிப் பிடியுங்கள், இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் உயரம் ஒன்றாக இருக்கும். ஜன்னல் நிலையை நம்பிக் கோடு போடாதீர்கள். நிலை சாய்ந்திருந்தால் பிளைண்ட்ஸும் சாயும், பின்னால் துணி ஒருபக்கமாகச் சுற்றும். அந்தக் கதைக்குக் கீழே வருகிறேன்.

ஓட்டையின் ஆழம் பிளக்கின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். எவ்வளவு இறங்கியது என்று தெரிய டிரில் பிட்டில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டிக்கொள்ளுங்கள். ஓட்டைக்குக் கீழே பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரை வாய் பிளந்து ஒட்டிவிட்டால் தூள் எல்லாம் அதில் விழும், வீட்டில் திட்டு விழாது. தூளை ஊதி எடுத்துவிட்டுப் பிளக்கைச் சுவர் மட்டத்துக்கு அடியுங்கள். வெளியே துருத்தினால் பிராக்கெட் படியாது.

ரோலரை ஏற்றும்போது சங்கிலி இருக்கும் பக்கத்தை முதலில் கொக்கியில் மாட்டுங்கள், எதிர்ப்பக்கத்து ஊசியை உள்ளே அழுத்திப் பிடித்து அதன் துளையில் விடுங்கள். டக் என்று சத்தம் கேட்க வேண்டும். பிறகு முழுக்க இறக்கிப் பாருங்கள். துணி எவ்வளவு இறங்கினாலும் குழாயில் கடைசியாக ஒரு சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் முழுப் பாரத்தையும் குழாயில் ஒட்டியிருக்கும் பசை டேப் தாங்கும், வெயிலில் அது விட்டுவிடும். அந்த இடத்தில் சங்கிலியில் ஸ்டாப்பர் மணியைப் போட்டுவிடுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைப் பொழுதுபோக்காகப் படிக்க வேண்டாம். தொங்கும் சங்கிலி வளையமும் கயிறும் தவழ்கிற, நடை பழகுகிற குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். சத்தமே வராது. சங்கிலி வளையத்தைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கிளிப் டப்பாவுக்குள்ளேயே வரும், பெரும்பாலோர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதைக் கட்டாயம் முடுக்குங்கள். வெனீஷியன் கயிற்றுக்குத் தரையிலிருந்து 5 அடிக்கு மேல் ஒரு கொக்கி அடித்து அதில் சுற்றி வையுங்கள். கட்டிலையும் தொட்டிலையும் அந்த ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

பழுதுகள்

ரோலரில் அதிகம் வருவது, துணி ஒருபக்கமாக ஏறிச் சுற்றிப் பிராக்கெட்டில் உரசி ஓரம் பிசிறுவது. கீழ்த்தெரு அக்கா ஒருத்தர் இதற்காகப் புதுசு வாங்கவே கிளம்பிவிட்டார். முதலில் ரசமட்டம் வைத்துக் குழாய் நேராக இருக்கிறதா பாருங்கள், பாதிக்கு மேல் அங்கேயே சரியாகிவிடும். நேராக இருந்தும் ஓடினால், துணியை முழுக்க இறக்கிக் குழாயை வெளியே தெரிய விடுங்கள். துணி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில், குழாயின் மேல் ஒரு விரல் நீளத்துக்கு மாஸ்கிங் டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். இடப்பக்கம் ஓடினால் வலப்பக்கம் டேப். டேப் ஒட்டிய பக்கம் குழாய் மயிரிழை பருக்கும், துணி அந்தப் பக்கம் திரும்பி வரும். மேலே சுற்றிப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னொரு சுற்று. ஒரேயடியாக ஐந்து சுற்று ஒட்டினால் எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பிக்கும். பிசிறிய ஓரத்து நூலை இழுக்கக் கூடாது. கத்தரியால் ஒட்ட வெட்டி, நிறமில்லாத நெயில் பாலிஷை ஓரத்தில் மெலிதாகத் தடவுங்கள்.

சங்கிலி இழுத்தால் கறகறவென்று நழுவி, துணி தானாகக் கீழே வந்தால் கிளட்ச் போய்விட்டது. அது குழாயின் வாயில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் துண்டு, இழுத்தால் வந்துவிடும். குழாயின் உள்வாய் ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அதே அளவு வாங்குங்கள். பிளாஸ்டிக் சங்கிலி வெயிலில் மஞ்சளாகி நொறுங்கும், அதற்குப் பதில் எஸ்.எஸ். மணிச் சங்கிலி போடலாம். அதற்கும் பழைய சங்கிலியில் ஒரு சாண் வெட்டி எடுத்துப் போங்கள். மணிக்கும் மணிக்கும் நடுவில் இருக்கும் தூரம் மாறினால் கிளட்ச் பல்லில் உட்காராது.

சங்கிலி இல்லாமல் ஸ்பிரிங்கில் ஓடும் பழைய ரோலர் மேலே ஏறாமல் சோம்பினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. பாதி இறக்கி, பிராக்கெட்டில் இருந்து கழற்றி, கையால் முழுக்கச் சுற்றி, திரும்ப மாட்டுங்கள். முறுக்கு ஏறிவிடும். சடாரென்று எகிறினால் இதையே தலைகீழாக: மேலே ஏறிய நிலையில் கழற்றி, கையால் பாதி பிரித்து மாட்டுங்கள்.

ஜீப்ராவில் வரிகள் கோணலாகச் சேர்ந்தால் முழுக்க இறக்கி, இரண்டு அடுக்கையும் தட்டிச் சமமாக்கி, மெதுவாக ஒருமுறை ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

வெனீஷியனில் கயிறு அறுவதுதான் பெரிய விவகாரம். பயப்பட வேண்டாம், மாலை கட்டத் தெரிந்த கை இதைச் சுலபமாகச் செய்யும். கயிறு முழுக்க அறுவதற்கு முன்னாலேயே, நூல் பிரிய ஆரம்பிக்கும்போதே மாற்றிவிட்டால் வேலை பாதி. பிளைண்ட்ஸை முழுக்க இறக்குங்கள். கீழ்ப் பட்டையின் அடியில் சின்னப் பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும், நெம்பி எடுத்தால் உள்ளே முடிச்சு. முடிச்சை வெட்டி, பழைய கயிற்றின் அந்த முனையோடு புதுக் கயிற்றின் முனையை நேருக்கு நேர் வைத்து, தீக்குச்சியால் லேசாக உருக்கி ஒட்டுங்கள். ஆறியபின் விரலால் உருட்டி, ஒட்டு தடிக்காமல் பாருங்கள். இப்போது மேலே வெளியே தொங்கும் கயிற்றை மெல்ல இழுத்தால், புதுக் கயிறு பழையதன் பின்னாலேயே ஒவ்வொரு பட்டையின் துளையாக ஏறி, சேனலைத் தாண்டி, கையில் வந்துவிடும்.

நடுவில் அறுந்து போயிருந்தால் கம்பி கட்டும் பைண்டிங் ஒயரில் கயிற்றைக் கோர்த்து ஒவ்வொரு துளையாக ஏற்ற வேண்டும். பட்டைகளைத் தாங்க ஏணி மாதிரி ஒரு மெல்லிய கயிறு இருக்கிறதல்லவா, அதன் படிகள் ஒன்று நம் கயிற்றுக்கு இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறிப் போகும். அந்த வரிசையை விட்டுவிட்டால் பட்டைகள் பக்கவாட்டில் நழுவும். நான் முதல் தடவை விட்டுவிட்டேன், இருபத்தைந்து பட்டையையும் திரும்பக் கோர்த்தேன்.

பட்டை ஒன்று மடங்கி ஒடிந்தால் அதற்காகக் கடை தேடாதீர்கள். ஜன்னல் விளிம்பில் போய்க் குவியும் கடைசி மூன்று நாலு பட்டைகள் பெரும்பாலும் உபரிதான். முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை மேலே இழுத்தால் பட்டைகள் வெறும் ஏணியில் உட்கார்ந்திருக்கும். ஒடிந்ததைப் பக்கவாட்டில் உருவி, கீழே இருந்து ஒன்றை உருவி அங்கே செருகுங்கள். ஏற்றிய பிளைண்ட்ஸ் இறங்க மறுத்தால் சேனலில் இருக்கும் பூட்டில் கரி அடைத்திருக்கும். கயிற்றை ஒருபக்கம் சாய்த்து இழுத்தால் விடும், மறுபக்கம் சாய்த்தால் பிடிக்கும். விடவே இல்லையென்றால் காய்ந்த பெயிண்ட் பிரஷால் பூட்டைத் தட்டிச் சுத்தம் செய்து, சிலிகான் ஸ்பிரே ஒரு துளி. தேங்காய் எண்ணெயும் மிஷின் எண்ணெயும் எதிலும் விடாதீர்கள். இன்றைக்கு ஓடும், ஒரு மாதத்தில் தூசியைப் பிடித்துக் களியாகிவிடும்.

வெர்டிகலில் சில பட்டைகள் மட்டும் திரும்பாமல் முறைத்துக்கொண்டு நின்றால், திருப்பும் கோலை ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் முழுக்கத் திருப்புங்கள், பின்தங்கியவை தட்டென்று வரிசைக்கு வரும். பிவிசி பட்டையின் மேல் துளை கிழிந்தால் பழைய பிளாஸ்டிக் ஃபைலில் தீப்பெட்டி அளவு துண்டு வெட்டி, இருபக்கமும் ஒட்டி, புதுத் துளை போட்டு மாட்டலாம்.

மூங்கில் தட்டிக்கு அடியில் மாவு மாதிரி மெல்லிய தூள் விழுந்தால் பூச்சி அரிக்கிறது. கழற்றி மொட்டை மாடியில் நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் போட்டு, தட்டி, பிரஷ் போட்டு, இருபக்கமும் வார்னிஷ் அடியுங்கள். திரும்பவும் தூள் விழுந்தால் வீட்டு மரச் சாமான்களுக்குப் பரவுவதற்குள் தூக்கிப் போடுவதே மேல்.

கரியும் உப்பும்

துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ராயபுரத்தில் வெள்ளை வேட்டி கொடியில் காய்ந்தால் சாம்பல் வேட்டியாகும் என்பார்கள். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அந்த நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. எங்கள் பக்கம் குறைந்தது, எண்ணூர்க்காரர்களுக்குக் கூடியது. கண்டெய்னர் லாரிப் புகையும் மணலிப் பக்கத்துக் காற்றும் இன்னும் இருக்கின்றன. இந்தத் தூசி வெறும் மண் இல்லை, பிசுக்குள்ள கரி. அதில் ஈரத்துணி வைத்த கணமே மையாகி, துணி ரோலரில் நிரந்தரமாகக் கறை ஏறும். ஆகவே எப்போதும் முதலில் காய்ந்த சுத்தம். ரோலர் என்றால் மெத்தென்ற பிரஷால் மேலிருந்து கீழ். வெனீஷியன் என்றால் பட்டைகளை மூடிவிட்டு, பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக. வாரம் ஒரு தடவை ஐந்து நிமிஷம் போதும்.

ஈரத்துணி மாதம் ஒரு தடவை, அதுவும் நன்றாகப் பிழிந்து. இங்கேதான் தண்ணீர் விஷயம் வருகிறது. எங்கள் தெருப் போர் தண்ணீர் உப்பு. உப்பைத் துடைக்க உப்புத் தண்ணீரை எடுத்தால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டுத்தான் மிஞ்சும். மெட்ரோ வாட்டர் ஒரு சொம்பு எடுத்து வையுங்கள், ஒரு பிளைண்ட்ஸுக்கு அது தாராளம். பிசுக்கு இருந்தால் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு. பிளீச்சிங் பவுடர் வேண்டாம். துணியின் பின்னால் வெளிச்சத்தை அடைக்கும் பூச்சு இருந்தால் மடிக்கவும் கூடாது, தேய்க்கவும் கூடாது. வெடித்தால் ஓட்டை ஓட்டையாக வெயில் தெரியும். பிராக்கெட்டையும் ஸ்க்ரூத் தலையையும் அதே ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். துரு அங்கேதான் தொடங்கும்.

மழைக்காலத்தில் நனைந்த ரோலரைச் சுருட்டி வைத்தால் உள்ளுக்குள் பூஞ்சை கறுப்புப் புள்ளியாகக் கிளம்பும். ஃபேன் போட்டு, முழுக்க இறக்கி, காய்ந்தபின் ஏற்றுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் வெளித்தட்டியை முதல் நாளே கழற்றிவிடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது நான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி வைத்தேன். தட்டி அடுத்த தெரு மொட்டை மாடியில் கிடைத்தது, கயிறு மட்டும் என் பால்கனியில் முடிச்சு அவிழாமல் இருந்தது.

போகிக்கு ஒரு வேலை. முந்தின ராத்திரியே எல்லாப் பிளைண்ட்ஸையும் மேலே சுருட்டி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுங்கள். விடியற்காலை டயர் புகை ஒரு தடவை துணியில் ஏறினால் பொங்கல் கழிந்தும் வாசனை போகாது.

வீடு மாறும்போது

வாடகை வீடென்றால் கழற்றும் நாளும் வரும். பிராக்கெட், ஸ்க்ரூ, சங்கிலிக் கிளிப் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் குழாயோடு சேர்த்துக் கட்டுங்கள். பிளக்கை இழுத்து எடுக்க, ஸ்க்ரூவைப் பாதி முறுக்கிக் குறடால் இழுத்தால் இரண்டும் சேர்ந்து வரும். ஓட்டையில் தண்ணீர் தெளித்து, ஒயிட் சிமெண்டும் பட்டியும் (வால் புட்டி) குழைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போடுங்கள். வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடிக்க ஒரு காரணம் குறையும்.

ரோலரைப் புது ஜன்னலுக்காக அகலம் குறைக்கலாம். குழாயை ஹேக்ஸா பிளேடால் அறுத்து, துணியை நேராக வெட்டிக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. கூட்டுவதற்கு வழியில்லை. அதனால் வீடு பார்க்கப் போகும்போது அட்வான்ஸ் பேச்சுக்கு முன்னால் நான் டேப்பை எடுத்து ஜன்னலைத்தான் அளக்கிறேன். "இன்னா சார், வீடு வாங்குறியா ஜன்னல் வாங்குறியா?" என்று போன தடவை புரோக்கர் கேட்டார். 46 இஞ்ச் இருந்தது. எங்களுடையது 48.